சித்தியின் முந்நூறும் டாக்டரின் முந்நூறும்: யாருக்குச் சம்பளம் அதிகம்?

சித்திக்கு முழங்கால் வலி. மன்னார்குடியில் ஒரு எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் உள்ளே போனோம். காலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், பழைய எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சீட்டில் மூன்று மாத்திரை எழுதினார். "குனிஞ்சு வேலை பாக்காதீங்கம்மா" என்றார். நாலு நிமிடம் இருக்கும். வெளியே வந்து 300 ரூபாய் கட்டினேன்.

பஸ் ஸ்டாண்டு வரும் வரை சித்தி எதுவும் பேசவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்: "ஏன் தம்பி, காலையில வயல்ல எறங்குனா வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் குனிஞ்ச தல நிமிராம நட்டாத்தான் எனக்கு இந்த முந்நூறு. அவரு ஒக்காந்த எடத்துலயே நாலு நிமிசத்துல வாங்கிட்டாரே. இது எப்புடி நாயம்?"

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லித் தருகிறவன். இருந்தும் அன்றைக்கு "அவரு படிச்சிருக்காரு சித்தி" என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்ல வரவில்லை. அது பதில் ஆகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பி.எட். படித்துவிட்டுத் தனியார் பள்ளியில் கொத்தனார் கூலியைவிடக் குறைவாக வாங்கும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். படிப்பு மட்டும் காரணம் என்றால் அவர்கள் கணக்கு எங்கே போகிறது? சித்திக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். பொருளியல் படிக்காதவர்களுக்காகத்தான் இது.

தண்ணீர்க் கணக்கு

முதலில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடலாம். ஒரு வேலை எவ்வளவு கஷ்டம், ஊருக்கு எவ்வளவு அவசியம் என்பதை அளந்து பார்த்து யாரும் சம்பளம் தருவதில்லை. இது இன்று நேற்று எழுந்த குழப்பமும் இல்லை. 1776-லேயே பொருளியலாளர் ஆடம் ஸ்மித் கேட்டுவிட்டார்: தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது, ஆனால் அதற்கு விலை இல்லை, வைரத்தால் எந்த உபயோகமும் இல்லை, ஆனால் கொள்ளை விலை. ஏன்?

தெளிவான பதில் வர நூறு வருஷம் ஆனது. 1870-களில் இங்கிலாந்தில் ஜெவன்ஸ், ஆஸ்திரியாவில் மெங்கர், சுவிட்சர்லாந்தில் வால்ராஸ் என்று மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். விலை என்பது மொத்தத் தண்ணீரின் மதிப்பு கிடையாது, இன்னும் ஒரு குடம் கூடுதலாக வந்தால் அதனால் என்ன பயன் என்பதன் மதிப்பு என்றார்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்கப் புத்தகம் வேண்டாம். புரட்டாசியில் முறைப்பாசனத் தண்ணீர் வராமல் சம்பாப் பயிர் பழுக்கத் தொடங்கினால், டீசல் என்ஜினை வாடகைக்குப் பிடித்து வாய்க்காலின் அடியில் கிடக்கிற தண்ணீரை வயலுக்குள் இறைக்கிறோம். கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு வடிகால் அடைத்துக்கொண்டால், அதே என்ஜினுக்கு அதே வாடகை கொடுத்து வயல் தண்ணீரை வெளியே இறைக்கிறோம். தண்ணீர் அதே தண்ணீர்தான். முதலில் உள்ளே வரக் காசு, அப்புறம் வெளியே போகக் காசு.

வேலைக்கும் இதே கணக்குதான். நடவாள்களே இல்லையென்றால் நாடு பட்டினி, டாக்டர்களே இல்லையென்றாலும் ஊர் தாங்காது. ஆனால் சம்பளம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எங்கள் வட்டாரத்தில் இன்னும் ஒரு நடவாள் கூடினால் என்ன, இன்னும் ஒரு எலும்பு டாக்டர் கூடினால் என்ன என்றுதான் கேட்கிறது. ஆக, சம்பளம் குறைவாக இருப்பதால் அந்த வேலை மட்டம் என்று நினைப்பவர்கள் கணக்கைத் தப்பாகப் படிக்கிறார்கள். அது ஆள் எத்தனை பேர் என்று சொல்கிறது, வேலையின் தரத்தைச் சொல்லவில்லை.

வாரம் என்றால் என்ன

இது சம்பளம் எப்படி அமைகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. 'தகுதிக்கு மேல் வாங்குகிறார்' என்று சொல்ல ஏதாவது அளவுகோல் உண்டா? உண்டு. அதன் பெயர் நம் ஊரில் பழகிய பெயர்தான்: வாரம், அதாவது நிலத்துக்காக விளைச்சலில் அளந்து கொடுக்கும் பங்கு.

வாரத்துக்கு நிலம் விடுவது, வாரம் அளப்பது எல்லாம் டெல்டாவில் பாட்டன் காலத்துப் பேச்சு. பள்ளிப் பாடப் புத்தகத்திலும் நிலத்துக்கு வாரம், உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, தொழில் நடத்துபவருக்கு லாபம் என்றுதான் இருக்கும். இந்த வாரத்தை ஒரு கருத்தாக்கிக் கொடுத்தவர் ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ. எழுதியது 1817-ல். அவர் டெல்டாவைப் பார்த்ததில்லை, ஆனால் அவர் சொன்னது தலைமடை, கடைமடைக் கதையேதான்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு ஏக்கர், தலைஞாயிறுப் பக்கம் ஒரு ஏக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது கல்லணைக்குப் பக்கம், தண்ணீர் முதலில் ஏறும் இடம். இரண்டாவது கடலுக்குப் பக்கம், எல்லோரும் பாய்ச்சிய பிறகு மிச்சம் வரும் இடம். இரண்டிலும் ஒரே விதை, ஒரே உரம், ஒரே மாதிரி உழைப்பு. தலைமடையில் 36 மூட்டை, கடைமடையில் 24 மூட்டை விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைமடைக்காரருக்கு 24 மூட்டையில் செலவும் கூலியும் கழிந்து, கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகிறது. அப்படியானால் தலைமடையில் கூடுதலாக வந்த 12 மூட்டை யாருடைய உழைப்பு? யாருடையதும் இல்லை. நிலம் இருக்கும் இடத்துக்கு வந்த மூட்டை அது. அதைத்தான் வாரம் என்றார் ரிக்கார்டோ. குத்தகைக்கு விட்டால், அந்தப் பன்னிரண்டும் குத்தகை நெல்லாக நிலக்காரர் வீட்டுக்குப் போய்விடும்.

பின்னால் வந்தவர்கள் இதையே மனிதர்களுக்கும் நீட்டினார்கள். ஒருவரை அவர் வேலையில் நிறுத்தி வைக்க எவ்வளவு கொடுத்தால் போதும்? அதாவது எந்த அளவுக்குக் கீழே போனால் அவர் இதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்? அதற்கு மேல் அவர் வாங்குவது முழுக்க வாரம். அறுவடை மிஷின் ஓட்டும் தம்பி ஒருவன் சொந்த ஊரில் டிராக்டர் ஓட்டினால் நாளைக்கு 800 கிடைக்கும், இங்கே வந்து தூக்கம் கெட்டு ஓட்ட 1,200-ஆவது வேண்டும் என்கிறான், அறுவடை நெருக்கடியில் 1,500 வாங்குகிறான் என்றால், அதில் 300 ரூபாய்தான் வாரம். 'மணிக்கு எவ்வளவு வாங்குகிறான் பார்' என்று வயிறெரிவதைவிட இந்தக் கழித்தல் கணக்கு எவ்வளவோ நேர்மையானது.

டாக்டரின் முந்நூறைக் கழித்துப் பார்ப்போம்

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம். எலும்பு மருத்துவத்துக்கு மேலே இன்னும் மூன்று வருஷம். நுழைவுத் தேர்வுக்குக் காத்திருந்த வருஷங்களையும் சேர்த்தால் முழு டாக்டராக உட்காரும்போது வயது முப்பதை நெருங்கிவிடும். அவரோடு பத்தாவது படித்துவிட்டுக் கொத்து வேலைக்குப் போன பையன் அதற்குள் பத்துப் பன்னிரண்டு வருஷம் கூலி வாங்கியிருப்பான். அந்த இழப்பை ஈடுகட்டும் பங்கு வாரம் ஆகாது. அது இல்லையென்றால் யாரும் அந்தப் படிப்புக்கே போகமாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் விபத்து கேஸ், தவறினால் ஒருவர் காலே போய்விடும் என்ற பொறுப்பு, இவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. நாலு நிமிடத்தில் சித்தியின் முட்டியைப் படிக்க முடிந்ததே அந்தப் பத்து வருஷத்தால்தான்.

மிச்சம்? மிச்சம் இருக்கிறது. மருத்துவம் பார்க்க உரிமம் வேண்டும், உரிமத்துக்கு சீட் வேண்டும், சீட் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. 1945-ல் மில்டன் ஃபிரீட்மனும் சைமன் குஸ்நெட்சும் அமெரிக்காவில் டாக்டர்களையும் பல் டாக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டாக்டர்களுக்கு வருமானம் கூடுதல். அதில் ஒரு பங்குக்குக் கூடுதல் படிப்புக் காலம் காரணம். இன்னொரு பங்கு, உள்ளே வருபவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியதால் வந்தது என்றார்கள். மதகை யார் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்த பங்கு அது.

உரிமமே தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. போலி டாக்டர் ஊசியால் என்ன ஆகும் என்று கிராமத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்த மதகு நோயாளியைக் காப்பாற்றுகிறது, அதே மதகு டாக்டர் ஃபீஸையும் ஏற்றுகிறது. இரண்டும் உண்மை. திருவாரூரில் 2010-ல் மருத்துவக் கல்லூரி வந்தது, நாகப்பட்டினத்தில் 2022-ல் வந்தது. தரத்தைக் குறைக்காமல் மதகை இன்னும் கொஞ்சம் தூக்குகிற வழி அதுதான்.

இங்கே ரிக்கார்டோ சொன்ன இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், என் மாணவர்களுக்கு இது எப்போதும் தலைகீழாகத் தோன்றும். குத்தகை அதிகம் என்பதால் நெல் விலை ஏறுவதில்லை, நெல் விலை ஏறியதால்தான் குத்தகை ஏறுகிறது என்றார் அவர். இதைத் தனியார் மருத்துவ சீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். 'லட்சம் லட்சமாகக் கொட்டிப் படித்தார், அதனால் ஃபீஸ் அதிகம் வாங்குகிறார்' என்கிறோம். நடப்பது மறுபக்கம். டாக்டருக்கு நாளைக்கு நல்ல வருமானம் வரும் என்று தெரிந்துதான் சீட்டுக்கு அந்த விலை வைக்கிறார்கள். தலைமடை நிலத்தைப் பெரிய விலைக்கு வாங்கினவருக்கு அந்தப் பன்னிரண்டு மூட்டையால் லாபம் ஒன்றும் இல்லை, விற்றவர் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதேபோல, கடன் வாங்கிப் படித்த இளம் டாக்டரின் வாரத்தை அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கல்லூரி எடுத்துக்கொண்டுவிட்டது. அவரைப் பார்த்துக் கோபப்படுபவர்கள் ஆளை மாற்றிக் கோபப்படுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

நாலு மணி நேரத்துக்கு இவ்வளவா?

கல்யாண வீட்டில் நாயனக்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும்போது யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் முகூர்த்த நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, பலர் வீட்டில் புரட்டாசியிலும் இல்லை. தவில்காரரின் அடுப்பு அந்த மாதங்களிலும் எரிய வேண்டும். கொத்தனார் கூலி ஏன் கூடுதல் என்பதற்கு ஆடம் ஸ்மித் இதே காரணத்தைத்தான் சொன்னார்: கடும் பனியிலும் மழையிலும் அவருக்கு வேலை கிடையாது, வேலை செய்யும் நாளின் கூலி சும்மா இருக்கும் நாளுக்கும் சோறு போட வேண்டும். சின்ன வயதிலிருந்து செய்த சாதகத்தையும் சேர்த்து நாள் கணக்கில் வகுத்தால், பெரும்பாலான மேளக்காரர்களுக்கு வாரம் என்று மிஞ்சுவது அநேகமாக ஒன்றும் இல்லை.

அதே துறையில் உச்சிக்குப் போனவர் கதை வேறு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மாதிரி ஒருவருக்குப் பதிலாக இரண்டு சுமாரான நாயனக்காரர்களைக் கூப்பிட முடியாது. கூடவே இசைத்தட்டு வந்தது; பந்தலுக்குள் மட்டும் கேட்ட தோடி ஊர் ஊராகக் கேட்டது. குரல் எட்டும் தூரம்தான் பாடகர் வருமானத்துக்கு எல்லை என்று பொருளியலாளர் மார்ஷல் எழுதிய காலம் அதோடு போயிற்று. 1981-ல் ஷெர்வின் ரோசன் இதை முறையாக விளக்கினார்: ஒரே ஆளை லட்சம் பேர் கேட்க முடிகிறபோது, முதலிடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் திறமையில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் வருமானத்தில் மலை மடு வித்தியாசம் வரும். சினிமா நடிகருக்கும் கிரிக்கெட்காரருக்கும் இதே கதை. அதில் வாரம் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் யார் வாய்க்காலையும் அடைக்கவில்லை என்பதால் எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று வைத்தார்கள். ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே வகுப்பறை, ஒரே கரும்பலகை, தேதி மட்டும் வேறு. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று அவர்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். சம்பளத்தை வேலைதான் தீர்மானிக்கிறது என்று நம்புகிற யாருக்கும் இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும்.

அரசு ஆசிரியர் வாங்குவதில் வாரம் இல்லையா? அந்தக் கழித்தல் சூத்திரப்படி பார்த்தால் உண்டு. தகுதித் தேர்வு எழுதிவிட்டு அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் கூட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் பக்கத்துத் தனியார் பள்ளி டீச்சரின் சம்பளத்தைக் காட்டி 'இவருக்கு அதிகம்' என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அளக்கிற படியே ஓட்டையாக இருந்தால் எதை அளந்தாலும் நிறைய இருப்பது போலத்தான் தெரியும்.

சூத்திரம் எங்கே பொய் சொல்லும்

இதுதான் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். வாரம் என்பதை மாற்று வருமானத்திலிருந்து அளக்கிறோம். மாற்று வழியே இல்லாதவருக்கு? சித்திக்கு வயலை விட்டால் வேறு வேலை இல்லாத காலத்தில், 50 ரூபாய் கொடுத்திருந்தாலும் இறங்கி நட்டிருப்பார். அப்போது சூத்திரம் என்ன சொல்லும்? 'இவர் 50-க்கே வருவார், 100 வாங்குகிறார், பாதி வாரம்' என்று சொல்லும். அப்பட்டமான அநியாயம் அது. ஒருவர் வேறு வழி இல்லாமல் நிற்பதை அவருடைய விலை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஊரில் வேலை கொடுப்பவர் ஒருவரோ, தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட சிலரோதான் இருந்தால், கூலி உழைப்பின் மதிப்புக்குக் கீழே போய் நிற்கும். 1933-ல் ஜோன் ராபின்சன் இதை விளக்கினார். மோனாப்சனி என்று பெயர். பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் பண்ணையாள் முறைக்கு அந்தப் பெயர்கூடப் போதாது. குடியிருக்கும் மனையும் பண்ணையாருடையது, கடனும் அவரிடம், வேறு பண்ணைக்குப் போனால் சேர்க்கமாட்டார்கள். அதற்கு மேல் சாதி. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும் கூலிச் சண்டை ஓயவில்லை. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் நடுவில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் என்று இன்றும் ஊர் சொல்கிறது. அதற்கு அடுத்த வருஷம், 1969-ல்தான் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சந்தை தானாகக் கூலியை நியாயமாக வைத்துக்கொள்ளும் என்று யாராவது வகுப்பில் எழுதினால், நான் கீழ்வெண்மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பேன்.

இன்னொரு சாட்சியும் உண்டு. அருவருப்பான வேலைக்குக் கூலி கூடுதலாக இருக்கும் என்றும் ஸ்மித் சொன்னார். கசாப்புக்காரரையும் தூக்குப் போடுபவரையும் உதாரணம் காட்டினார். நம் ஊரில் அது பலிக்கவில்லை. சாக்கடைக்குள் இறங்குகிறவருக்குத்தான் இங்கே அடிமட்டக் கூலி. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தது. கழிவுநீர்க் குழியில் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செத்த பிறகு தரும் பணம். இந்த வேலைக்கு இன்னார்தான் என்று பிறப்பிலேயே எழுதி வைத்துவிட்டால், அவர் 'மாட்டேன்' என்று சொல்ல வழியில்லை. ஸ்மித்தின் கணக்கு 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

ஆள் கிடைக்கவில்லை

இந்த வார்த்தையை இப்போது டெல்டாவில் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். நூறு நாள் வேலை வந்து ஆள்களைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று கூடவே சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. 2005-ல் வந்த அந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் 2024-25-ல் நாளுக்கு அதிகபட்சம் 319 ரூபாய். அது பெரிய தொகை இல்லை, வருஷம் முழுக்கவும் இல்லை. ஆனால் சித்திக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மாற்று வருமானம் வந்தது. 'அந்தக் கூலிக்கு வரல' என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை என்பவர்கள் 'இந்தக் கூலிக்கு' என்ற வார்த்தையை விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள்.

விவசாயியின் பக்கமும் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். நெல் விலை அவர் கையில் இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்க யோசிக்கிறார்கள், குவித்த நெல் மழையில் நனைகிறது. அந்த வருமானத்திலிருந்து எவ்வளவுதான் கூலி தர முடியும்? அதனால் நடவு மிஷின் வந்தது, நேரடி விதைப்பு வந்தது, மேற்கு வங்காளத்திலிருந்து வரும் ஆண்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு நடுகிறார்கள். சித்தியின் கூலிக்கு மேலே இப்போது ஒரு கூரை உண்டு. மிஷின் வாடகைக்கு மேல் அவர் கேட்க முடியாது.

இந்தத் தாளடிக்குச் சித்தி நாள் கூலிக்குப் போகவில்லை. தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்து காண்ட்ராக்ட் பேசிக்கொண்டார்கள், ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு என்று. விடியுமுன் இறங்கி, நாற்று முடியை வரிசையாக வீசி, வெயில் ஏறுமுன் ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்த வயலுக்கு நடக்கிறார்கள். நாள் கூலியைவிட ஒன்றரை மடங்கு நிற்கிறது என்றார். முழங்காலுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையைக் காலையில் ஒன்று போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்.